ஒரு பாட்டின் மேல் சுமத்திய கொலைப்பழி

கேட்டவரைச் சாகடிக்கும் பாட்டு என்று ஒன்று இந்த உலகில் கிடையாது. ஆனாலும் தொண்ணூறு ஆண்டுகளாக ‘குளூமி சண்டே’ என்ற ஹங்கேரியக் காதல் சோகப் பாட்டின் மேல் அந்தப் பழி இருந்துகொண்டே இருக்கிறது. தமிழ் யூடியூப் சேனல்களில் இருட்டுப் பின்னணியோடு இந்தக் கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. ‘தனியாக இருக்கும்போது கேட்காதீர்கள்’ என்ற எச்சரிக்கையோடு கைப்பேசிக்குக் கைப்பேசி தாவுகிறது. பகிர்பவர்களில் பலர் அதை உண்மை என்றே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறு. அதனால் வரும் தீங்கும் சிறியதல்ல. அதனால்தான் இந்த மறுப்பு.

முதலில் அவர்கள் கட்சியை அதன் முழு வலுவோடு சொல்லிவிடுகிறேன். 1933இல் புடாபெஸ்ட் நகரத்துப் பியானோக்காரர் ரெஜோ ஷெரெஷ் அமைத்த மெட்டு வெளியானது. காதலியை இழந்த ஒருவன் ஞாயிற்றுக்கிழமையன்று தானும் அவளைத் தேடிப் போகத் துடிப்பதாகக் கவிஞர் லாஸ்லோ யாவோர் அதற்கு வரிகள் எழுதினார். 1935இல் பால் கல்மார் பாடிய இசைத்தட்டு வந்தது. இறந்துபோன சிலரின் கையில் அந்தப் பாட்டுத்தாள் இருந்தது, கடைசிக் கடிதத்தில் அதன் வரிகள் இருந்தன என்று செய்திகள் கிளம்பின. 1936இல் அமெரிக்கப் பத்திரிகைகளும் அவற்றை எடுத்துக்கொண்டன. பிபிசி அந்தப் பாட்டின் மீது விதித்த கட்டுப்பாடு 2002 வரை நீடித்தது. 1968 ஜனவரியில் ஷெரெஷே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்தடுத்த சாவுகள், ஒரு பெரிய நிறுவனத்தின் தடை, மெட்டுப் போட்டவரின் முடிவு ஆகிய மூன்றையும் வரிசையாக வைத்துவிட்டு, ‘இத்தனைக்கும் பிறகு இதெல்லாம் தற்செயலா?’ என்று கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வி நம்மிடம் எளிதாக எடுபடுவதற்கும் ஒரு காரணம் உண்டு. நந்திக் கலம்பகத்தின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அறம் வைத்துப் பாடிய பாடல்களைக் கேட்டுக்கொண்டே பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் எரியும் பந்தலின் கீழ் உயிர்விட்டான் என்று அந்தச் செவிவழிக் கதை சொல்கிறது. பாட்டுக்கு உயிரெடுக்கும் வலிமை உண்டு என்ற எண்ணம் நம் மரபில் ஊறியது. ஆனால் கலம்பகத்தின் கவிச்சுவையை வியக்க அந்தக் கதையை வரலாறாக நம்பித்தான் ஆக வேண்டும் என்றில்லை. ஹங்கேரியப் பாட்டுக்கும் அதே நியாயத்தைக் கொடுக்கலாம். என் மறுப்புகள் ஆறு.

1. எத்தனை பேர் இறந்தார்கள்? முதலில் அதற்குப் பதில் வேண்டும்.

1930களில் வந்த செய்திகளை எல்லாம் கூட்டினாலும் ஹங்கேரியிலும் அமெரிக்காவிலுமாக இந்தப் பாட்டோடு சேர்த்துப் பேசப்பட்ட சாவுகள் ஏறத்தாழ இருபதுதான். இன்று அதே கதையில் அந்த எண்ணிக்கை நூறு, இருநூறு. இடையில் யாரும் புதிய மரணப் பதிவுகளைத் தேடி எடுக்கவில்லை. கதை வாய் மாற மாற எண்ணிக்கை ஏறியது, அவ்வளவுதான். அந்த இருபதில்கூடப் பலவற்றுக்கு இறந்தவர் யார், விசாரணை என்ன சொன்னது, பாட்டுத்தாளைப் பார்த்தவர் யார் என்ற விவரம் எதுவும் கிடையாது. ஒரு செய்தியைப் பார்த்து எழுதிய இன்னொரு செய்தியே சான்றாக நிற்கிறது.

அந்த இருபதையும் முழுதாக ஒப்புக்கொண்டே கணக்குப் போடுவோம். 1930ஆம் ஆண்டின் ஹங்கேரியில் மக்கள்தொகை சுமார் 87 லட்சம். அந்தக் காலத்தில் அங்கே ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 30 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அப்படியானால் ஆண்டுக்கு 2,600 பேர். 1933 முதல் 1936 வரையிலான நான்கு ஆண்டுகளில் அந்தத் தொகை பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். நாடே முணுமுணுத்த ஒரு பாட்டு, பத்தாயிரம் பேரில் இருபது பேரின் கடைசி நாட்களில் காதில் விழுந்திருக்கிறது. இதில் வியக்க என்ன இருக்கிறது? இன்னும் கூடுதலான பேரின் கடைசி நாட்களில் அது ஒலித்திருக்கும் என்றுதான் எதிர்பார்க்க வேண்டும். அதே பாட்டைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போன லட்சக்கணக்கானவர்களை எந்தப் பத்திரிகையும் எண்ணவில்லை. இறந்தவர்களை மட்டும் எண்ணி இருப்பவர்களை விட்டுவிடும் கணக்கில் எதை வேண்டுமானாலும் குற்றவாளியாக்கலாம்.

2. எது முன்னே, எது பின்னே?

துயரத்தில் மூழ்கியவர் துயரப் பாட்டைத் தேடிப் போவது இயல்பு. இறந்தவரின் மேசையில் பாட்டுத்தாள் கிடந்தது என்றால், அவர் மனம் முன்பே எந்த நிலையில் இருந்தது என்பதை அது சொல்கிறது. மனத்தை அந்த நிலைக்குக் கொண்டுபோனது எது என்பதை அந்தத் தாள் சொல்லாது. இரண்டையும் ஒன்றாக்குவதுதான் இந்தக் கதையின் அடிப்படைப் பிழை.

அந்த மனங்களை வாட்டியது எது என்று அறிய ஹங்கேரியின் வரலாறே போதும். முதல் உலகப் போரில் தோற்ற நாடு அது. 1920இல் கையெழுத்தான திரியானோன் ஒப்பந்தத்தில் தன் பழைய நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. எல்லைகளுக்கு அப்பாலிருந்து அகதிகள் வந்து குவிந்தார்கள். 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் கோதுமை விலை சரிந்தது, வங்கிகள் தள்ளாடின, படித்தவர்களுக்கும் வேலையில்லை. பாட்டு பிறக்கும் முன்பே ஹங்கேரி தற்கொலை மிகுந்த நாடுகளின் வரிசையில் இருந்தது. பாட்டு வந்தபோது நோய் ஏற்கனவே முற்றியிருந்தது.

பின்னால் நடந்ததையும் பாருங்கள். அந்நாட்டின் தற்கொலை விகிதம் உச்சத்தைத் தொட்டது 1980களின் நடுவில், லட்சத்துக்கு 45 என்ற அளவில். அப்போது பாட்டுக்கு ஐம்பது வயது. அதன் பிறகு விகிதம் இறங்கத் தொடங்கி இன்று அந்த உச்சத்தின் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. இதே காலத்தில்தான் குறுந்தகடு வந்தது, இணையம் வந்தது, எவரும் எந்த நேரத்திலும் ஒரு விரல் தொடுகையில் அந்தப் பாட்டைக் கேட்கும் நிலை வந்தது. பாட்டு காரணமென்றால், பாட்டு பெருகப் பெருகச் சாவும் பெருகியிருக்க வேண்டும். நடந்தது அதற்கு நேர் எதிர்.

3. தடை போட்டார்கள் என்பது கொலைக்குச் சாட்சியாகுமா?

பிபிசி இந்தப் பாட்டின் வரிகளைப் பாடி ஒலிபரப்பத் தடை விதித்தது உண்மை. வெறும் வாத்திய இசையாக ஒலிபரப்ப அனுமதி இருந்தது என்பதும் அதே அளவு உண்மை. கதை சொல்பவர்கள் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். தடை போர்க்காலத்தது. குண்டுவீச்சுக்கு நடுவே வாழ்ந்த மக்களின் மனவுறுதி தளரக் கூடாது என்பதே அதிகாரிகளின் கவலை. அந்தக் கவலையில் அவர்கள் கைவைத்தது இந்த ஒரு பாட்டில் மட்டுமல்ல. 1942இல் நடன இசைக்கென்று ஒரு கொள்கைக் குழுவே அமைத்து, உருகிக் கரையும் பாட்டுகளை எல்லாம் பிபிசி வடிகட்டியது. போர்முனையில் இருப்பவன் பண்டிகைக்கு வீடு திரும்ப ஏங்கும் பிங் கிராஸ்பியின் கிறிஸ்துமஸ் பாட்டுக்கூட அந்த வடிகட்டலில் சிக்கியது. அது எத்தனை பேரைக் கொன்றது என்று யாரும் கேட்பதில்லை.

2002 வரை தடை நீடித்ததே என்றால், அதற்கும் பெரிய மர்மம் இல்லை. அலுவலகக் கோப்பில் ஏறிவிட்ட பழைய கட்டுப்பாட்டை அகற்ற யாருக்கும் அவசரம் இல்லாதபோது அது அங்கேயே கிடக்கும். தடை நீங்கிய பின் பிரிட்டனில் என்ன விபரீதம் நடந்தது? ஒன்றும் இல்லை. ஹங்கேரி அரசே பாட்டைத் தடைசெய்தது என்பவர்களோ, எந்த ஆணை, எந்தத் தேதி என்று காட்டுவதில்லை. தடை என்பது அதிகாரத்தில் இருப்பவரின் அச்சத்துக்குச் சான்று. அந்த அச்சம் நியாயமானது என்பதற்கு வேறு சான்று வேண்டும்.

4. ‘தற்கொலைப் பாட்டு’ என்று பெயரிட்டு ஆதாயம் அடைந்தவர்கள் யார்?

அந்த அடைமொழி அமெரிக்காவில் பாட்டை விற்கும் விளம்பரமாகவே பயன்பட்டது. 1936இல் சாம் லூயிஸ் எழுதிய ஆங்கில வரிகளோடு ஹால் கெம்ப்பின் குழு அதைப் பதிவுசெய்தது. அந்தக் காலகட்டத்திலேயே பால் ராப்சன் பாடினார், பிரெஞ்சில் டமியா பாடினார். 1941இல் பில்லி ஹாலிடே பாடிய பிறகு உலகமே அதை அறிந்தது. இத்தனை பேர் போட்டி போட்ட சந்தையில், ‘ஹங்கேரியின் சாவுப் பாட்டு’ என்ற அச்சமூட்டும் அறிமுகத்தைப் போல விற்பனைக்கு உதவும் வாசகம் வேறென்ன இருக்க முடியும்? பத்திரிகைக்குப் பரபரப்பான தலைப்பு கிடைத்தது, இசைத்தட்டு வணிகருக்கு வாடிக்கையாளர்கள் கிடைத்தார்கள். ஒன்றை ஒன்று வளர்த்தன.

ஹாலிடே பாடிய வடிவத்தில் நடந்ததெல்லாம் கனவு என்று சொல்லும் ஒரு பகுதியும் சேர்ந்திருக்கிறது. பாடுபவள் விழித்துக்கொள்கிறாள், காதலன் அருகிலேயே இருக்கிறான். உலகம் பெரும்பாலும் கேட்டது இந்த வடிவத்தைத்தான். சாவுக்கு அழைப்பு விடுக்கும் பாட்டு என்று மிரட்டுபவர்கள் பாட்டை இறுதிவரை கேட்டார்களா என்பதே சந்தேகம்.

இன்னொரு குழப்பமும் இங்கே சேர்ந்துகொள்கிறது. ஷெரெஷின் காதலி பாட்டைக் கேட்டபின் இறந்துபோனாள் என்கிறது ஒரு கதை. இறந்தவள் யாவோரின் காதலி என்கிறது இன்னொன்று. இரண்டுமே உண்மையாக இருக்க முடியாது என்பதுகூடச் சொல்பவர்களுக்கு உறுத்துவதில்லை. 1999இல் ரால்ஃப் ஷூபெல் இயக்கிய ஜெர்மன் திரைப்படம் நிக் பார்க்கோவின் நாவலிலிருந்து பிறந்த கற்பனை. அதில் வரும் உணவகக்காரரும், ஒரு பெண்ணை நேசித்த இரு ஆண்களும், பியானோ வாசிப்பவரின் முடிவும் இன்று ‘உண்மைச் சம்பவம்’ என்ற பெயரில் காணொளிகளில் உலவுகின்றன.

5. ஷெரெஷின் சாவைத் துருப்புச் சீட்டாக்குவது நியாயமா?

இதுதான் கதையின் உச்சக்கட்டமாக வைக்கப்படுகிறது. இதைத்தான் நான் மிகக் கடுமையாக மறுக்கிறேன்.

பாட்டு வெளிவந்தது 1933. ஷெரெஷ் இறந்தது 1968. நடுவே முப்பத்தைந்து ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் புடாபெஸ்டின் கிஷ்பிபா உணவகத்தில் இரவு இரவாக அந்தப் பாட்டை வாசித்துத்தான் அவர் பிழைத்தார். கேட்டவரைக் கொல்லும் பாட்டு என்றால், உலகில் வேறெவரையும் விட அதிகமாக அதைக் கேட்டவர் எப்படி முப்பத்தைந்து ஆண்டுகள் தாங்கினார்? அதைப் பயிற்சி செய்து, பதிவு செய்து, மேடையில் பாடியவர்களின் ஆயுளையும் பாருங்கள். பால் ராப்சன் 77 வயது வரை வாழ்ந்து 1976இல் மறைந்தார். டமியா 1978 வரை இருந்தார். 1969இல் இதைப் பதிவுசெய்த ரே சார்ல்ஸ் 2004 வரை. ஹாலிடே 1959இல் இறந்தது ஈரல் நோய் முற்றியதால்.

ஷெரெஷின் வாழ்க்கையில் பாட்டைவிடப் பெரிய துயரங்கள் இருந்தன. அவர் யூதர். 1938 முதல் ஹங்கேரி அடுத்தடுத்து யூத விரோதச் சட்டங்களை இயற்றியது. போர்க்காலத்தில் அவர் கட்டாய உழைப்புப் பிரிவுக்கு அனுப்பப்பட்டு உயிர் தப்பினார். 1944 மே முதல் ஜூலைக்குள் மட்டும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹங்கேரிய யூதர்கள் நாடுகடத்தப்பட்டார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த இடம் ஔஷ்விட்ஸ். போர் முடிந்த பின் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது, எல்லைகள் மூடின. உலகமெங்கும் தன் மெட்டு ஒலிக்க, அதன் உரிமைத்தொகை வெளிநாட்டில் சேர, அவர் அதே ஊரில் எளிய பியானோக்காரராகவே இருந்தார். இன அழிப்பைக் கண்டு தப்பியவரின் மனத்தில் இருந்த பாரத்தை எல்லாம் ஒதுக்கிவிட்டு, ‘அவர் போட்ட மெட்டே அவரைக் கொன்றது’ என்று முடிச்சுப் போடுவது இறந்தவருக்குச் செய்யும் அவமதிப்பு. வரலாறு செய்த கொடுமையை ஒரு மெட்டின் தலையில் கட்டிவிட்டால், கொடுமை செய்தவர்கள் கதையிலிருந்தே காணாமல் போகிறார்கள்.

6. கலை மனிதரைப் பாதிக்காது என்கிறீர்களா?

பாதிக்கும். எதிர்த்தரப்பின் மிக வலுவான கேள்வி இதுதான், இதற்கு நேராகவே பதில் சொல்ல வேண்டும். 1774இல் வெளியான கெதேயின் ‘வெர்தர்’ நாவலைப் பின்பற்றி இளைஞர்கள் இறந்தார்கள் என்ற அச்சத்தில் லைப்சிக் நகரம் அதைத் தடைசெய்தது. சமூகவியலாளர் டேவிட் ஃபிலிப்ஸ் 1974இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ‘வெர்தர் விளைவு’ என்றே பெயர் வைத்தார். பார்த்துச் செய்தல் என்ற ஆபத்து உண்மையானது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் ஃபிலிப்ஸ் ஆராய்ந்தது எதை? 1947 முதல் 1968 வரை செய்தித்தாளின் முதல் பக்கத்தில் வந்த தற்கொலைச் செய்திகளை. செய்தி எவ்வளவு பெரிதாகப் பரவியதோ அவ்வளவுக்குத் தொடர்ந்த சாவுகளும் கூடின என்பது அவர் கண்டது. வியன்னாவில் நடந்ததும் இதையே காட்டுகிறது. சுரங்க ரயில் நிலையங்களில் நடந்த தற்கொலைகளைப் பத்திரிகைகள் பரபரப்பாக எழுதிவந்தன. 1987இல் வல்லுநர்கள் வகுத்த நெறிகளைப் பின்பற்றி எழுதும் முறையை மாற்றியதும், அந்தச் சாவுகள் நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைந்தன. ரயிலும் தண்டவாளமும் மாறவில்லை, மாறியது செய்தி சொல்லும் விதம்.

பாட்டின் பங்கையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க ராப் பாடகர் லாஜிக் 2017இல் ஒரு பாட்டு வெளியிட்டார். அன்றைய தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணே அதன் தலைப்பு. சாக நினைத்த ஒருவர் உதவி கேட்டு மீண்டு வருவது அதன் கரு. மக்கள் கவனம் அதன்மேல் குவிந்திருந்த 34 நாட்களில் உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகள் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடின, எதிர்பார்த்ததைவிட 245 தற்கொலைகள் குறைந்தன என்று 2021இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. ஆக, இந்தத் துறையில் எண்ணிப் பார்த்த சான்றோடு நம் முன் நிற்கும் பாட்டு உயிர் காத்த பாட்டு. உயிர் எடுத்ததாகச் சொல்லப்படும் பாட்டுக்கு வெறும் வதந்திதான் துணை.

இந்த ஆறையும் சேர்த்துப் பார்த்தால் முடிவு தெளிவு. ஆபத்து ஷெரெஷின் மெட்டில் இல்லை. அந்த மெட்டைச் சுற்றிக் கட்டிய கதையில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்கு என்ன சொல்கிறது? தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் கற்பிக்காதீர்கள், மர்மமும் கவர்ச்சியும் பூசாதீர்கள், முறையை விவரிக்காதீர்கள், உதவி கிடைக்கும் இடத்தைச் சொல்லுங்கள் என்கிறது. ‘சாவுப் பாட்டு’க் காணொளிகள் இந்த நான்கையும் மீறுகின்றன. பல காரணங்கள் சேர்ந்து நிகழும் ஒரு துயரத்துக்கு ஒரு மெட்டைக் காரணமாக்குகின்றன, ஷெரெஷ் இறந்த விதத்தை விரித்துச் சொல்கின்றன, கேட்டுப் பார் என்று இளைஞர்களுக்குச் சவால் விடுகின்றன, உதவியைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்வதில்லை.

விளைவு யார் தலையில் விடிகிறது என்று யோசியுங்கள். மனச்சோர்வில் இருக்கும் ஒரு மாணவி சோகப் பாட்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ‘இந்தப் பாட்டெல்லாம் கேட்காதே’ என்று கைப்பேசியைப் பிடுங்கிவிட்டுக் கடமை முடிந்தது என்று வீட்டார் நினைத்தால், அவளிடம் கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படாமலே போகிறது. ‘உனக்கு என்னம்மா ஆச்சு? எத்தனை நாளா தூங்கல?’ என்று கேட்பதற்குப் பாட்டின் மேல் போட்ட பழி தடையாக நிற்கிறது. பிள்ளையை இழந்த பெற்றோருக்கோ, ‘அன்றைக்கு அந்தப் பாட்டை நிறுத்தியிருந்தால்’ என்ற குற்றவுணர்வு ஆயுளுக்கும் மிஞ்சுகிறது. மருத்துவம் வேண்டிய இடத்தில் மந்திரக் கதை வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதை எழுதுபவர்கள், காணொளி தயாரிப்பவர்கள், பகிர்பவர்கள் எல்லோரிடமும் நான் கேட்பது இவ்வளவுதான். குளூமி சண்டேயைப் பற்றித் தாராளமாகப் பேசுங்கள். திரியானோனைப் பேசுங்கள், பொருளாதார வீழ்ச்சியைப் பேசுங்கள், யூத விரோதச் சட்டங்களைப் பேசுங்கள், ஹாலிடேயின் குரல் அந்த மெட்டை எங்கே கொண்டுபோனது என்று பேசுங்கள். சாவு எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். மனம் உடைந்தவர்கள் பேச இந்தியாவில் டெலி-மானஸ் 14416, இலங்கையில் 1926 என்ற உதவி எண்கள் இருக்கின்றன. ‘கேட்டால் உயிர் போகும்’ என்ற தலைப்பு இருந்த இடத்தில் இந்த எண்களைப் போடுங்கள். பாட்டின் மேல் உள்ள பழி நீங்கும், கேட்பவருக்கும் உதவியாக இருக்கும்.